விளக்கு உன்னிடம், சாவி என்னிடம்

சூளகிரி
3-8-2007

அன்புள்ள ரஞ்சிதாவுக்கு,

நாஸியா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. கல்லாவியில் உங்கள் தெருமுனை அசோக்குமார் கடைக்கு மூன்று முறை போன் போட்டேன். பாவம், மூன்று முறையும் ஆள் அனுப்பினார். முதல் முறை நீ தூங்குகிறாய். இரண்டாம் முறை குளிக்கிறாய். மூன்றாம் முறை, "அது வராதாம்மா, போன வெச்சிடு" என்றே சொல்லிவிட்டார். போனுக்கு வராதவள் தபாலையாவது பிரிப்பாள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கை எப்படி இருக்கிறது? ஆறு வாரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பெரிய கட்டுப் போட்டிருந்தார்கள், உள்ளே எத்தனை விரல் இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மறுவாரம் வந்தால் கட்டில் காலி. உங்கள் அப்பா ஊருக்கு அழைத்துப் போய்விட்டார் என்று நர்ஸ் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக உனக்கு மனசு வரவில்லை.

தகடு வெட்டும் நம் பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு பேர் இருந்தது பதினொன்றாகிவிட்டது. உன் மெஷினைத் துடைத்து மூடி வைத்திருக்கிறார்கள். அதில் நிற்க யாரும் சம்மதிக்கவில்லை. காளியம்மாள் அக்கா அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. சூப்பர்வைசர் முனிராஜ் சார் வழக்கம்போல் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று இருமுகிறார். நீ இங்கே தங்கியிருந்தபோது நாம் ஓசூர் கம்பெனிக்குப் போன வேனில் உன் ஜன்னல் சீட்டில் இப்போது நான்தான் உட்காருகிறேன். கோபம் வந்தால் வந்து எழுப்பு.

அண்ணனின் பிரவுசிங் சென்டரில் நம்முடைய கடைசிக் கேபின் அப்படியே இருக்கிறது. அந்தப் பேய் பங்களா விளையாட்டு சிடியைத்தான் குப்பையில் போடப் பார்த்தான். பெங்களூர் நடைபாதையில் மூன்று சிடி வாங்கியதற்கு இனாமாகக் கொடுத்தது, அதற்கு இவ்வளவு மரியாதையா என்கிறான். பிடுங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். அவனுக்கென்ன தெரியும்! ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, விளக்கோடு நீ முன்னால் நடக்க, சாவிக்கொத்தோடு நான் பின்னால் வர, அந்தத் துணி சுற்றிய பேய் தரையில் படாமல் வழுக்கி வரும்போது நாம் போட்ட கூச்சலில் பக்கத்துக் கேபின்காரர் எழுந்து ஓடியது நினைவிருக்கிறதா? பேய்க்குக் கால் வரைய அவர்களுக்கு வசதியில்லை போலிருக்கிறது என்று நீதான் சொன்னாய். அது வாயைத் திறந்தால் யாரோ ஒரு ஆம்பளையின் இருமல். அதனால்தானே அதற்கு முனிராஜ் சார் என்று பெயர் வைத்தோம்.

நான்கு மாதமாக மொட்டை மாடிக் கதவு திறக்கவில்லை. மாடியின் இரண்டு கோடியிலும் தொங்கும் மணிகளை இருவரும் அடிக்க வேண்டும் என்று திரையில் எழுதி வருகிறது. நாமும் அடித்தோம். கதவு அசையவில்லை, பேய்தான் வந்தது. சிடி கெட்டுப்போனது என்கிறான் அண்ணன். நீ வந்தால் திறக்கும் என்கிறேன் நான்.

பதில் போடு.

நாஸியா

*

கல்லாவி
9-8-2007

நாஸியா,

இடது கையால் எழுதுகிறேன். அதிகம் எழுத முடியாது.

நீ கேட்க வாய் வராததைச் சொல்கிறேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணு வரை போய்விட்டன.

கம்பெனியிலிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. மெஷின் பட்டனில் அட்டை சொருகியது நானேதானாம். பாதுகாப்பு விதியை மீறியதற்கு என்னை ஏன் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். நேரில் பார்த்த சாட்சி என்று கீழே ஒரு கையெழுத்து. பெயருக்கு அடியில் நீ இழுக்கிற கோடு எனக்குத் தெரியாதா?

பன்னிரண்டு பேரில் அட்டை சொருகாதவள் நான் ஒருத்திதான். அது உனக்குத் தெரியும்.

அப்பா அந்தத் தபாலை மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்தார்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு விரலைக் கொடுத்தவள் என்று இந்தத் தெருவே நினைக்கிறது. அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார். சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பங்களாவைப் பற்றி எனக்கு எழுதாதே.

ரஞ்சிதா

*

சூளகிரி
13-8-2007

ரஞ்சிதா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கேன்டீன் டோக்கன் எழுதும் துண்டுச் சீட்டில்கூடப் பிள்ளையார் சுழி போடுகிறவள் நீ. இதில் போடவில்லை.

முதலில் கையெழுத்து. இங்கிலீஷில் இருந்தது, புரியாமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் பன்னிரண்டாவது படித்தவள். வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் போட்டேன். உனக்கு அடிபட்ட மறுநாள் காலை முனிராஜ் சார் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். "கையெழுத்து போடும்மா. நீ போடலன்னா அந்த எடத்துல உன் பேரத்தான் எழுதணும்" என்றார். சொல்லிவிட்டு இருமினார். போட்டுவிட்டேன்.

அவர் ஏன் என் பெயரைச் சொன்னார் தெரியுமா? இதை எழுதாமல் இன்னும் எத்தனை நாள் தூங்காமல் இருப்பது? எழுதிவிடுகிறேன்.

அட்டையை உன் மெஷினில் சொருகியது நான்.

அன்று உன் தட்டில் இன்னும் நானூறு பீஸ் பாக்கி இருந்தது. எல்லோரும் முடித்துவிட்டோம். நீ முடித்தால்தான் ஐந்தரை வேன். ஐந்தரை வேன் கிடைத்தால்தான் பங்களாவில் முக்கால் மணி நேரம். இரண்டு பட்டனையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், நீ அப்படியே ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. நீ தண்ணீர் குடிக்கப் போனபோது, சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, அட்டையை மடித்து வலது பட்டனுக்கும் அதன் வளையத்துக்கும் நடுவில் இறுக்கிவிட்டேன். இனி ஒரு கை போதும், சீக்கிரம் முடித்துவிடுவாள் என்று நினைத்தேன். திரும்பி வந்ததும் சொல்ல இருந்தேன். அதற்குள் ஜோதிமணி கூப்பிட்டாள், பேசிக்கொண்டு நின்றுவிட்டேன்.

இடது கையைப் பட்டனில் வைத்தபடியே வலது கையால் தகட்டைச் சரிசெய்வது உன் பழக்கம். எப்போதும் அதில் ஆபத்து இல்லை, வலது பட்டனைத் தொடாமல் பிரஸ் இறங்காது என்று உன் கைக்குத் தெரியும். அன்று இறங்கிவிட்டது.

உன் விரலை எடுத்தது நான்தான், ரஞ்சி. மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது.

நாஸியா

*

கல்லாவி
20-8-2007

நாஸியா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. முதல் நாள் அடுப்பில் போடப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? அன்று என் வலது கை எப்படித் தவறியது, தெரியாமல் பட்டனில் பட்டிருக்குமா, முழங்கை இடித்திருக்குமா என்று படுக்கையில் கிடந்து யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்காத குறை. என் கைமேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை நீ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வேறு வாங்கி வந்தாய்.

உன் அழுகை எனக்கு வேண்டாம். விரல் முளைக்கப் போவதில்லை. எனக்கு வேலை வேண்டும். என் பெயர் வேண்டும். வேலையும் போய், தப்பும் என்னுடையது என்றால் அப்பா என்னை இனி ஓசூர்ப் பக்கம் விட மாட்டார். மன்சூர் கடையில் ஊதுபத்திக்குக் கூடு ஒட்டிக்கொண்டு இங்கேயே உட்கார வேண்டியதுதான்.

செப்டம்பர் ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கம்பெனியில் விசாரணை. வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்து நடத்துகிறாராம். எனக்கு எழுதினதை அங்கே வந்து சொல். சொல்ல முடியாதென்றால் எனக்கு இனி எழுதாதே.

ரஞ்சிதா

*

சூளகிரி
27-8-2007

ரஞ்சி,

எழுதாதே என்றாய். சொல்ல மாட்டேன் என்று நான் இன்னும் சொல்லவில்லையே, அதனால் எழுதலாம்.

பயமாக இருக்கிறது. வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அரை மணி நேரம் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் புள்ளய நம்ம வீட்டுல எத்தன தடவ சோறு திங்க வெச்சிருக்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பங்களாவைப் பற்றி எழுதாதே என்றும் சொன்னாய். அதை மட்டும் கேட்க மாட்டேன். ஒரு விஷயம் நடந்திருக்கிறது, உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

தினமும் வேன் இறங்கி நேராகக் கடைசிக் கேபினுக்குப் போகிறேன். தனியாகவே இரண்டு பேராகவும் ஆடுகிறேன். ஒரு கையில் நீ, ஒரு கையில் நான். கீபோர்டில் விளக்குப் பட்டனை விடாமல் அமுக்கினால்தான் விளக்கு எரியும் அல்லவா? பிரஸ்ஸில் நாளெல்லாம் அமுக்கிவிட்டு வந்த உன் ஆள்காட்டி விரல் அங்கேயும் வலிக்கிறதென்று பட்டனிடுக்கில் பஸ் டிக்கெட்டை மடித்துச் சொருகினோமே, அந்த டிக்கெட்டை அப்படியே வைத்துத்தான் ஆடினேன். நாம் இருவரும் ஓடித் தப்பிய நான்காவது மாடியிலேயே பேய் வந்து பிடித்துவிடும். பத்து முறை, பதினைந்து முறை, ஒரே இடம்.

நேற்று டிக்கெட் நைந்துபோய்த் தானாக வெளியே வந்துவிட்டது. விளக்கு அணைந்தது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. திறந்து பார்த்தால் பேய் என் பக்கத்தில் இருமிக்கொண்டே நேராகப் போகிறது! என்னைத் தாண்டிச் சுவருக்குள் போய்விட்டது. ஒருவேளை அண்ணன் சொன்ன மாதிரி சிடிதான் கெட்டுவிட்டதோ?

யோசித்துப் பார்த்தேன், அந்த டிக்கெட்டைச் சொருகியதும் நான்தான்.

நாஸியா

*

உ

கல்லாவி
1-9-2007

நாஸியா,

உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ எழுதினதைப் படித்த பிறகு இரண்டு நாளாக வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. உனக்கு மூளை இருக்கிறதா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், எனக்கும் இல்லை என்பதால் கேட்கவில்லை.

சிடி கெடவில்லையடி. அந்தப் பேய்க்குக் கண் தெரியாது. விளக்கு விடாமல் எரிகிற இடத்துக்குத்தான் அது வரும். அது வரும்போது பட்டனை விட்டுவிட வேண்டும். போன பிறகு மறுபடி அமுக்க வேண்டும். நாம் டிக்கெட்டைச் சொருகி விளக்கை அணையவே விடாமல் நாமே அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான்கு மாதம்!

மணியும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. விளக்குக்கும் மணிக்கும் எனக்கு ஒரே பட்டன். அது சொருகியே கிடந்ததால் நான் பக்கத்தில் போனதும் மணி தானாக அடித்தது. அடித்தது யார்? டிக்கெட். வேலையில் சேர்ந்த முதல் நாள் டிரெயினிங்கில் ஜெயமணி மேடம் சொன்னது நினைவிருக்கிறதா? நல்ல பிரஸ் என்றால் இரண்டு பட்டனையும் ஒன்றாக அமுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் விட்டுவிட்டுப் புதிதாக அமுக்க வேண்டும், ஒன்றைக் கட்டி வைத்தால் அது இறங்கவே கூடாது என்றார். நம் கம்பெனி மெஷின் பழசு, கட்டி வைத்தாலும் இறங்கும். அந்த மொட்டை மாடிக் கதவு அப்படித் திறக்காது. இரண்டு பேரும் உயிரோடு நின்று ஒரே நேரத்தில் அமுக்குகிறோமா என்று அது பார்க்கிறது.

பேய்க்குக் கால்கூட வரையாதவன் செய்த விளையாட்டு. அவனுக்குத் தெரிந்தது இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. இதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடிபட்ட பிறகு முதல் முறையாகச் சிரித்தேன். அம்மா பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தாள்.

ஏழாம் தேதி அப்பாவோடு வருகிறேன். நீ உள்ளே வருவாயா மாட்டாயா என்று கேட்கப் போவதில்லை. கேட் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ரஞ்சிதா

*

சூளகிரி
10-9-2007

ரஞ்சி! ரஞ்சி!

வெள்ளிக்கிழமை உன்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். முடித்து வெளியே வந்தால் உங்கள் அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உன்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே என்ன நடந்ததென்று உனக்கு யார் சொல்வது? நான்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் வக்கீல், மேனேஜர், டைப் அடிக்கிற பெண் ஸ்வாதி. ஓரத்தில் முனிராஜ் சார். வக்கீல் அந்தக் காகிதத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துதானா என்றார். ஆமாம் என்றேன். இதில் இருப்பது உண்மையா என்றார். என் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு நான்காவது மாடிதான் ஞாபகம் வந்தது. அதற்குக் கண் தெரியாது, கண் தெரியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"அட்டைய வெச்சது நான் சார். ரஞ்சிதாவுக்குத் தெரியாது. வெக்கக் கத்துக்குடுத்தது முனிராஜ் சார். பொய்க் கையெழுத்து போட்டதும் நான்தான்" என்றேன்.

அப்புறம் வாய் நிற்கவில்லை. ஒரு பேய் விளையாட்டுச் செய்தவனுக்கு இருக்கிற அறிவு இந்த மெஷினுக்கு இல்லையே சார் என்றேன். எந்த விளையாட்டும்மா என்று வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். சொன்னேன். விளக்கு, டிக்கெட், மணி, கதவு, எல்லாம் சொன்னேன். ஸ்வாதி அத்தனையும் டைப் அடித்தாள். கம்பெனி விசாரணைக் காகிதத்தில் இப்போது ஒரு பேய் இருக்கிறது. அதன் பெயரை மட்டும் நான் சொல்லவில்லை.

வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், அந்த மெஷின்களை நான் பார்க்கணும் என்றார்.

சனிக்கிழமை காலை பார்த்திருக்கிறார்கள். எனக்கு ஏழு நாள் சஸ்பென்ஷன் என்பதால் நான் அங்கே இல்லை. நேற்று காளியம்மாள் அக்கா வீட்டுக்கே வந்து சொன்னார். பத்து மெஷினும் ஓடிக்கொண்டிருந்ததாம். அட்டையெல்லாம் யாரும் வைப்பதில்லை, அந்த ஒரு பெண்தான் என்று முனிராஜ் சார் சொல்லிக்கொண்டே வந்தாராம். அக்கா மெஷினை நிறுத்தினார். தன் பட்டனிலிருந்து அட்டையை உருவிக்கொண்டு நடந்து போய் சார் மேஜைமேல் வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார். அடுத்து ஜோதிமணி. அடுத்து முத்துமணி. பத்துப் பேரும் வைத்து முடிக்கும்வரை ஷாப்பில் ஒரு மெஷின் சத்தம் இல்லை. முனிராஜ் சார் இருமக்கூட இல்லை என்று அக்கா சொன்னபோது என் அம்மா எழுந்து போய் அக்காவுக்கு இன்னொரு டம்ளர் டீ போட்டார்.

உன்மேல் குற்றம் இல்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டதாம். கடிதம் உனக்கு வந்துகொண்டிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் உனக்கு இடம், விடுப்பு முழுவதும் வேலை நாளாகக் கணக்கு. பன்னிரண்டு மெஷினுக்கும் புதுப் பட்டன் வருகிறது, கட்டி வைத்தால் இறங்காத பட்டன். சார் இனி பிரஸ் ஷாப் பக்கம் வர மாட்டார், ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள்.

வருகிற சனிக்கிழமை டாக்டரிடம் கையைக் காட்ட ஓசூர் வருவாய் அல்லவா? சூளகிரியில் இறங்கு. அதற்குள் நோன்பு தொடங்கிவிடும், வெறும் வயிற்றோடு பேயைப் பார்க்க எனக்குத் தெம்பு இருக்கிறது. உன்னைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

நாஸியா

*

உ

கல்லாவி
18-9-2007

அன்புள்ள நாஸியாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று நினைக்காதே. இது வலது கை. பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்து எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத அரை மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

சனிக்கிழமை பங்களாவில் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டாய். மூடினதும் இல்லாமல், என்ன நடந்ததென்று ஒன்று விடாமல் எழுதி அனுப்பு என்று பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். எழுதுகிறேன்.

டிக்கெட்டை நீயே எடுத்து என் கையில் கொடுத்தாய். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். விளக்குப் பட்டனில் எந்த விரலை வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. நீ மோதிர விரலை வை என்றாய். நான் ஆள்காட்டி விரலைத்தான் வைத்தேன், மிச்சம் இருக்கிற அளவுக்கு. முதலில் சுரீர் என்றது. பட்டன் இறங்கியது. விளக்கு எரிந்தது. அப்போது நீ மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது. நோன்பு நேரத்தில் அழுதாயா என்று கேட்கவில்லை.

நான்காவது மாடியில் அது வந்தது. விரலை எடுத்தேன். இருட்டில் இருமிக்கொண்டே போய்விட்டது. ஐந்தாவது மாடியில் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் எடுத்தேன், வைத்தேன். மொட்டை மாடிக்கு வந்ததும் நீ அந்தக் கோடிக்குப் போனாய், நான் இந்தக் கோடி. அது நடுவில் வந்து, என் விளக்கு அணைந்திருந்ததால் உன் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டோ என்னவோ, உன் பக்கமாகத் திரும்பியது. அங்கேதான் நீ கண்ணை மூடினாய். உன் முதுகுக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில் வந்துவிட்டது. உன் கை மட்டும் பட்டனை விட்டு நகரவில்லை. அதை நான் பார்த்தேன், நாஸியா. ஓடிப்போயிருக்கலாம், நீ நகரவில்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றில் ஒன்றாக அமுக்கினோம். இரண்டு மணியும் ஒரே சத்தமாக அடித்தது. அது நின்ற இடத்திலேயே நின்றுபோனது. கதவு திறந்தபோது அதன் துணி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு, பாதிப் பேய் உள்ளேயும் பாதிப் பேய் வெளியேயுமாகத் தொங்கியது. அதைச் சரிசெய்யக்கூட அந்தப் பாவிகளுக்கு நேரமில்லை. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில்தான் நீ கண்ணைத் திறந்தாய், உன் அண்ணன் கல்லாவை விட்டு ஓடிவந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வெளியே ஒன்றுமே வரைந்திருக்கவில்லை. வெறும் நீலம், ஒரே ஒரு மரம். அதன் கீழே நாம் இரண்டு பேரும் நின்றோம். நீ அதைப் பார்த்துவிட்டு, இதுக்கா நாலு மாசம் என்றாய். எனக்கு அது போதும் என்றிருந்தது.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழை பெய்தால் இந்த விரல் வலிக்கும், அப்போதெல்லாம் உன்மேல் கோபம் வரும் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கோபம் வந்தால் உன்னிடமே வந்து சொல்கிறேன். கேட்டுக்கொள்.

கம்பெனிக் கடிதத்தை அப்பா அதே மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மூன்றாவது ஆள் படித்து முடித்ததும், இன்னொரு தடவ சத்தமா படிங்க என்றார், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு வீட்டுக்கு வந்து என் பெட்டியைப் பரண்மேலிருந்து அவரே இறக்கி வைத்தார்.

டிக்கெட்டைப் பிரித்து நேராக்கி இதோடு வைத்திருக்கிறேன். இனி எதிலும் சொருகாதே.

இருபத்து நாலாம் தேதி திங்கட்கிழமை, எட்டேகால் வேன். ஜன்னல் சீட்டைக் காலி செய்.

ரஞ்சிதா